ஒலியின் வாசற்படி வரை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

மரியாதைக்குரிய சங்கத் தலைவர் அவர்களே, முதல்வர் அவர்களே, எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியப் பெருமக்களே, நண்பர்களே, கடைசி வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். கடைசி வரிசையைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நான்கு வருஷமும் நான் உட்கார்ந்திருந்த இடம் அது.

செயலாளர் அண்ணன் போன் செய்து, "நீ விமான வேலையில இருக்கியே, ராக்கெட்டைப் பத்தி அரை மணி நேரம் பேசு தம்பி" என்றார். "அண்ணே, நான் ராக்கெட்டுல இல்ல" என்றேன். "எல்லாம் மேலதானே போவுது" என்று போனை வைத்துவிட்டார். மன்னிக்கவும், இன்றைக்கு ராக்கெட் கிடையாது. ஒலியை விட வேகமாகப் போக வேண்டும் என்று வரைந்து, செய்து, பறக்கவிட்டு, கடைசியில் ஒலியின் வாசற்படியோடு நின்றுபோன ஒரு விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் நாட்டு விமானம். பெயர் மாருத். எச்.எஃப்-24 என்பது அதன் எண்.

நான் பிள்ளையார்பாளையத்துப் பையன். எங்கள் வீட்டில் இரண்டு தறி. அப்பா கோர்வைச் சேலை நெய்பவர். கோர்வை என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். உடல் ஒரு நிறம், இரண்டு பக்கக் கரையும் வேறு நிறம். மூன்று நாடா ஓடும். அப்பா தனியாக நெய்ய முடியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். பத்தாம் வகுப்பு வரை அந்த ஒருவர் நான்தான். தப்பித்தால் போதும் என்று படித்தேன். இன்ஜினியரிங் சேர்ந்தேன், பெங்களூர் போனேன். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

பெங்களூரில் நான் வேலை செய்வது பீன்யா பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில். நாங்கள் விமானம் செய்வதில்லை. விமான உறுப்புகளை இழுத்து, வளைத்து, கடைசியில் உடைத்தும் பார்ப்பதற்கான இரும்புச் சட்டங்களைச் செய்கிறோம். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். இளம் வயதில் விமானத் தொழிற்சாலையில் ரிவெட் அடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தார். அல்சூர்த் தமிழர். எல்லோரும் அவரை மேஸ்திரி என்றே கூப்பிடுவோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள், "நீங்க என்ன விமானத்துக்கு ரிவெட் அடிச்சீங்க மேஸ்திரி?" என்று கேட்டேன். "மாருத்" என்றார். நான் ஏரோநாட்டிக்ஸ் வேலையில் மூன்று வருஷம் இருந்தவன். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதன் பிறகு கிடைத்ததை எல்லாம் படித்தேன்.

1950-களின் நடுவில் நம் விமானப்படை ஒரு தேவையை எழுதிக் கொடுத்தது. உயரத்தில் ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம், 60,000 அடி உச்சம், தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும் என்று. அப்போது நம் கையில் என்ன இருந்தது? பெங்களூரில் 1940-ல் தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை. டாக்டர் காட்கே தலைமையில் அங்கே வடிவமைத்த எச்.டி-2 என்ற பயிற்சி விமானம் 1951-ல் பறந்திருந்தது. மூக்கில் காற்றாடி சுழலும் சின்ன விமானம் அது. அதிலிருந்து நேரே ஒலியின் இரண்டு மடங்கு! எங்கள் தெருவில் துண்டு நெய்தவனிடம் மறு மாசமே முகூர்த்தப் பட்டு கேட்ட மாதிரி.

அதற்காகக் கூட்டி வரப்பட்டவர்தான் ஜெர்மானியரான குர்ட் டாங்க். இரண்டாம் உலகப் போரில் பேர் பெற்ற ஃபொக்கே-வுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்தவர். போருக்குப் பிறகு அர்ஜென்டினாவுக்குப் போய் 'புல்கி' என்ற ஜெட்டைச் செய்தார். அங்கே பெரோன் ஆட்சி 1955-ல் கவிழ்ந்தது. 1956-ல் டாங்க் தன் குழுவோடு பெங்களூர் வந்தார். அவரிடம் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், தான் வரைந்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்ப்பார். வடிவமைப்பாளர் ஏறி உட்காருகிற விமானத்தில் கணக்குக் கொஞ்சம் கவனமாகத்தான் போடப்பட்டிருக்கும்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. அதே வருஷங்களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிக்ஸ் படித்துக்கொண்டிருந்த ராமேசுவரத்து இளைஞர் ஒருவர், படிப்பு முடித்துப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெங்களூர்த் தொழிற்சாலையில்தான். விமான எஞ்சின்களைப் பிரித்துச் சேர்க்கிற வேலை. அவர் பெயர் அப்துல் கலாம்.

ஒலியை மிஞ்சுவதில் அப்படி என்ன கஷ்டம் என்று மாணவர்கள் கேட்கலாம். வைகாசியில் வரதர் கருட சேவையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தூரத்தில் குடை அசைவது தெரியும். தெரிந்தவுடனே கூட்டம் மெல்ல விலகி வழி விடும். விமானத்துக்கு முன்னால் உள்ள காற்றும் அப்படித்தான். விமானம் வருகிற செய்தி அழுத்த அலையாக முன்னே ஓடும், காற்று விலகும். அந்தச் செய்தி ஓடுகிற வேகம்தான் ஒலியின் வேகம்; தரைமட்டத்தில் மணிக்குச் சுமார் 1,225 கிலோமீட்டர், பதினோரு கிலோமீட்டர் உயரத்துக் குளிரில் 1,060 சொச்சம். விமானம் அந்த வேகத்தை எட்டினால் செய்தி முன்னே போக முடியாது. குடையும் வாகனமும் ஒன்றாக வந்து கூட்டத்தில் மோதினால் எப்படி இருக்கும்? காற்று இறுகி அதிர்ச்சி அலையாக நிற்கும். பின்னிழுக்கும் விசை திடீரென்று ஏறும். கட்டுப்பாட்டுப் பரப்புகள் சொன்ன பேச்சைக் கேட்காது.

இதைச் சமாளிக்க ஒரு உபாயம், இறக்கை சேருகிற இடத்தில் விமானத்தின் உடலைக் கொஞ்சம் சுருக்குவது. முன்னிருந்து பின் வரை வெட்டுப் பரப்பு சீராக மாறிக்கொண்டு போனால் அதிர்ச்சி அலையின் தொல்லை குறையும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தெளிவாகச் சொல்லப்பட்ட விதி இது. மாருத்தின் படத்தைப் பார்த்தால் இடுப்பு தெரியும். இறக்கைகள் 45 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அழகான விமானம். மேஸ்திரி அதைப் பற்றிப் பேசும்போது கையாலேயே அந்த இடுப்பை வளைத்துக் காட்டுவார்.

அடுத்ததாக அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு ஆச்சரியம். ஒலியை மிஞ்சும் வேகத்தில் மாதிரிகளைச் சோதிக்கப் பெரிய காற்றுச் சுரங்கம் பெங்களூரில் வந்தது 1967-ல். மாருத்தை வரைந்ததோ அதற்குப் பத்து வருஷம் முன்னால். கம்ப்யூட்டர் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகவே முழு அளவில், மரத்தால், எஞ்சின் இல்லாமல் ஒரு மாருத்தைச் செய்தார்கள். எக்ஸ்-241 என்று பெயர். அச்சு அசல் அதே அளவு. அதே கட்டுப்பாட்டு அமைப்பு. சக்கரம் மடங்கும், மடிப்பு இறங்கும், காற்றுத்தடை விரியும். ஒரு டகோட்டா விமானம் அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். விமானி அதைச் சறுக்கிக்கொண்டே இறக்கித் தரையில் கொண்டுவந்து நிறுத்துவார். தப்பு செய்தால் திரும்பச் சுற்றி வர எஞ்சின் கிடையாது. 1959-ல் தொடங்கி 78 முறை பறந்தது. கடைசியில் ஒரு தரையிறக்கத்தில் முன்சக்கரம் வெளியே வராமல் அடிபட்டது. அதற்குள் தாழ்ந்த வேகத்தில் இந்த வடிவம் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்துவிட்டது. நம்மிடம் இல்லாத கருவிக்கு ஈடாக ஒரு தச்சுப் பட்டறையை வைத்து வேலையை முடித்தார்கள்.

1961 ஜூன் 17. உலோக மாருத்தின் முதல் முன்மாதிரி பெங்களூரில் பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். இங்கிலாந்தின் புகழ்பெற்ற சோதனை விமானிகள் பள்ளியில் பயின்றவர். டாங்க் குழு வந்து சேர்ந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை! இன்றைக்கு எந்த நாடும் இந்த வேகத்தில் ஒரு போர் விமானத்தை எழுப்புவதாகத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பார்க்க, மறுபடி பறந்து காட்டினார்கள்.

புது விமானத்தைச் சோதிப்பது என்றால் ஒரே நாளில் ஏறி முழு வேகத்தில் விடுவது என்று நினைக்க வேண்டாம். முதலில் ஓடுபாதையில் மெதுவாக ஓட்டுவார்கள். பிறகு வேகமாக. பிறகு மூக்குச் சக்கரம் எழும்புகிற வரை. பிரேக் பிடிக்கிறதா, பக்கமாக இழுக்கிறதா. அதன் பிறகு பறப்பு. ஒவ்வொரு பறப்பிலும் வேகத்தைக் கொஞ்சம், உயரத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் விமானி வேண்டுமென்றே குச்சியைச் சின்னதாகத் தட்டிவிட்டு, விமானம் ஆட்டத்தை அடக்கிக்கொள்கிறதா, வளர்த்துக்கொள்கிறதா என்று பார்ப்பார். வளர்ந்தால் ஆபத்து. காற்றில் கட்டிய துணி படபடக்கிற மாதிரி இறக்கை படபடக்க ஆரம்பித்தால் சில வினாடிகளில் பிய்ந்து போகும். இன்றைக்கு அந்த ஆட்டத்தைத் தரையில் ஒரு அறை நிறைய இன்ஜினியர்கள் திரையில் பார்த்து, "போதும், இறங்கு" என்று சொல்வார்கள். அன்றைக்கு விமானியின் உடம்புதான் பெரும்பாலும் கருவி; முழங்காலில் கட்டிய அட்டையில் அவர் கிறுக்குவதுதான் அறிக்கை.

கோளாறுகளும் வந்தன. மூக்கில் நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள். நான்கையும் ஒன்றாகச் சுட்டால் மூக்கு முழுக்க அதிர்ந்து மின்சுற்றுகள் அறுபட்டன. இதெல்லாம் எந்தப் புது விமானத்திலும் வருவது. உட்கார்ந்து சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது எஞ்சின்.

மாருத்தின் உடல் எந்த எஞ்சினுக்காக வரையப்பட்டதோ அது வரவே இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நிறுவனம் ஆர்ஃபியஸ் 12 என்ற எஞ்சினைச் செய்வதாக இருந்தது. பின்னெரிப்போடு ஒவ்வொன்றும் சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரும் என்பது கணக்கு. அதற்கு அங்கே கிடைத்துவந்த நிதி நின்றுபோனது. மேற்கொண்டு பணம் போட நம் அரசும் முன்வரவில்லை. திட்டம் படுத்தது. கையில் இருந்தது ஆர்ஃபியஸ் 703. பின்னெரிப்பு இல்லை, ஒவ்வொன்றும் 2,200 கிலோ. இரண்டைப் பூட்டினார்கள். இரட்டை மாட்டு வண்டியில் இரண்டு கன்றுக்குட்டியைக் கட்டிய கதை. ஒலியின் இரண்டு மடங்குக்கு வரைந்த உடல், மட்டப் பறப்பில் ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மாற்று தேடாமல் இல்லை. எகிப்து அப்போது ஹெல்வானில் எச்.ஏ-300 என்று ஒரு போர் விமானமும், அதற்கு ஈ-300 என்று ஓர் எஞ்சினும் செய்துகொண்டிருந்தது. விமானத்தைத் தொடங்கியவர் மெஸ்ஸர்ஷ்மிட், எஞ்சினைச் செய்தவர் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர். நமக்கு எஞ்சின் வேண்டும், அவர்களுக்குச் சோதிக்க விமானம் வேண்டும். நாம் ஒரு மாருத்தை அனுப்பினோம். ஒரு பக்கம் ஆர்ஃபியஸ், மறு பக்கம் ஈ-300 பூட்டி எகிப்தில் பறக்கவிட்டார்கள். அவர்களுடைய எச்.ஏ-300 விமானத்தை 1964 மார்ச் 7 அன்று முதன்முதலில் பறக்கவிட்டதே நம் விமானப்படையின் சோதனை விமானி கபில் பார்கவாதான். 1969-ல் எகிப்து அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அந்த வழியும் அடைந்தது.

கடைசியாக, கையில் உள்ள ஆர்ஃபியஸ் 703-க்கே பின்னெரிப்பு சேர்ப்பது என்று பெங்களூர் எரிவாயுச் சுழலி ஆராய்ச்சி நிலையத்தார் இறங்கினார்கள். எஞ்சினுக்குப் பின்னால் வெளியேறும் சூடான காற்றில் மறுபடி எரிபொருளைத் தெளித்து எரிப்பது. உந்துவிசை கூடியது. ஆனால் அதற்காக விமானத்தின் பின்பக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தால் காற்றின் இழுப்பும் கூடியது. வலது கையில் வாங்கி இடது கையில் கொடுத்தாயிற்று. அப்படிப்பட்ட ஒரு மாருத்தை 1970 ஜனவரி 10 அன்று கிளப்பினார் சுரஞ்சன் தாஸ். அப்போது அவர் குரூப் கேப்டன். கிளம்பிய சற்று நேரத்திலேயே விழுந்து நொறுங்கியது. அவர் இறந்துபோனார். மரச் சறுக்கு விமானக் காலத்திலிருந்து அந்த வடிவத்தோடு வாழ்ந்த மனிதர். பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலைப் பக்கம் போகிறவர்கள் சுரஞ்சன் தாஸ் சாலை என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். பலர் அது யாரோ அரசியல்வாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாருத் உதவாக்கரை என்று யாராவது சொன்னால் மேஸ்திரிக்கு மூக்கு சிவக்கும். நியாயம்தான். இரட்டை இருக்கை பதினெட்டும் சேர்த்து 147 விமானங்கள் செய்தார்கள். 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் தரைத் தாக்குதலுக்குப் போனது. தாழ்வாகப் பறக்கையில் கல்லாட்டம் உறுதியாக இருக்கும் என்று ஓட்டியவர்கள் சொன்னார்கள். ஒரு எஞ்சின் அடிபட்டு, மற்றதை வைத்துக்கொண்டு திரும்பி வந்ததும் உண்டு. ஆக, வேறு ஒரு வேலைக்கு நல்ல விமானமாக முடிந்தது. 1990 வாக்கில் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டன.

இனி என் சொந்தக் கதை ஒன்று. 2017-ல் நடந்தது.

எங்களிடம் கார்பன் இழையால் ஆன ஓர் உறுப்பு சோதனைக்கு வந்தது. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை. பறப்பில் வரக்கூடிய உச்சச் சுமையை நூறு என்று வைத்தால், நூற்றைம்பது வரை ஏற்றி மூன்று வினாடி தாங்க வேண்டும். சட்டத்தை வடிவமைத்தவன் நான். திரைக்கு முன்னால் நான், சட்டத்துக்குப் பக்கத்தில் மேஸ்திரி. நூற்றிருபதில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். மேஸ்திரி கையைத் தூக்கினார். நான் திரையைப் பார்த்தேன். எல்லாக் கோடும் நேராக ஏறிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல மேஸ்திரி, ரீடிங் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஏற்றச் சொன்னேன். நூற்று முப்பத்தெட்டில் பலகை இரண்டாக உடைந்தது.

பிரித்துப் பார்த்தால் பலகை மேல் ஒரு குற்றமும் இல்லை. என் சட்டத்தில், சுமை கொடுக்கும் புள்ளி ஒன்றில், அடியில் வைக்க வேண்டிய மெல்லிய தகடு ஒன்று விடுபட்டிருந்தது. நூற்றிருபதில் அந்தத் தாங்கி நழுவியிருக்கிறது. அதன் பிறகு சுமை கோணலாகப் போயிருக்கிறது. அந்த இடத்தில் அளவி எதுவும் ஒட்டவில்லை. ஆகவே திரைக்கு அது தெரியாது. உடைந்ததன் விலை என் இரண்டு வருஷச் சம்பளம். அறிக்கையில் என் பெயர். வேலை போகவில்லை, அவ்வளவுதான்.

மேஸ்திரி திட்டவில்லை. டீ குடிக்கும்போது கேட்டார்: "சத்தம் கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்டா ஸ்கிரீனப் பாத்த?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. உடைந்த பலகையை விட வேறொன்று உறுத்தியது. எங்கள் வீட்டில் ஒரு தறியில் அப்பா, இன்னொன்றில் சித்தப்பா. அப்பா கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். உள்ளே சித்தப்பாவின் தறி ஓடும். நடுவில் அப்பா தலையைத் தூக்கி, "பாவுல இழ அறுந்துடுச்சு பாரு" என்பார். போய்ப் பார்த்தால் அறுந்திருக்கும். ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று! காதாலேயே கண்டுபிடிப்பார். பதினைந்து வருஷம் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அது ஏதோ அப்பாவின் வித்தை என்று நினைத்தேனே ஒழிய, அது எனக்கும் வேண்டிய கல்வி என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

இப்போது மாருத்துக்குத் திரும்புகிறேன். எஞ்சின் வராததை நஷ்டம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் கணக்கில் பெரிய நஷ்டம் அதற்குப் பிறகு நடந்தது. டாங்க் 1967-ல் விடைபெற்றார். மாருத்தின் அடுத்த வடிவங்கள், எச்.எஃப்-73 என்பது உட்பட, காகிதத்தோடு நின்றன. பயிற்சி விமானம் கிரண் வந்தது, நாட் விமானத்தைத் திருத்தி அஜீத் வந்தது. மிக்கும் ஜாகுவாரும் உரிமம் வாங்கிச் செய்தோம். உரிமத்தோடு வரைபடம் வரும். இந்தக் கோடு ஏன் இங்கே வளைகிறது என்ற காரணம் வராது. வெற்றுத் தாளிலிருந்து ஒரு போர் விமானத்தை எழுப்பிய கைகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று வீட்டுக்குப் போயின.

அடுத்த முறை எப்போது? இலகு ரகப் போர் விமானத் திட்டம் 1983-ல் ஒப்புதல் பெற்றது. முதல் முன்மாதிரி 1995 நவம்பரில் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. பறந்தது 2001 ஜனவரி 4 அன்று, விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் கையில். 1961-லிருந்து எண்ணுங்கள். நாற்பது வருஷம்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நாற்பது வருஷம் என்றால் என்ன ஞாபகம் வரும்? (அரங்கிலிருந்து 'அத்தி வரதர்' என்று குரல்.) ஆமாம். 1979-ல் குளத்திலிருந்து எழுந்தருளியவர், 2019-ல் மறுபடி வந்தார். அடுத்தது 2059. அவர் வரும்போதெல்லாம் போன தடவை பார்த்தவர்கள் ஊரில் இருந்தார்கள். எங்கள் ஆயா 1979-ல் பார்த்ததை 2019-ல் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே நாற்பது வருஷம் தாங்குகிறது. விமானத்தில் தாங்காது. இளைஞனாக வேலை கற்றவன் ஓய்வு பெறுகிற காலம் அது.

நல்ல வேளையாக, இரண்டாவது முறை செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். தேஜஸ், தானாக நிலைபெற்றுப் பறக்காத விமானம். உள்ளங்கையில் கோலை நிற்கவைக்கிற மாதிரி ஒவ்வொரு கணமும் கம்ப்யூட்டர் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நிரலை அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து சோதித்துக்கொண்டிருந்தபோது 1998 மே மாதம் நாம் அணுகுண்டு சோதித்தோம், தடை வந்தது, நம் இன்ஜினியர்கள் வெளியே வர வேண்டியதாயிற்று. மீதியை இங்கேயே முடித்தார்கள். 2003 ஆகஸ்ட் 1 அன்று தேஜஸ் முன்மாதிரி ஒலியின் வேகத்தைத் தாண்டியது. வாசற்படி கடந்தாயிற்று. பல்லாயிரம் நிரல் வரிகள், எடையில் 45 விழுக்காடு கார்பன் இழை போன்ற கூட்டுப் பொருள்கள், ஆவடியில் வடிவமைத்த துணைக்கருவிப் பல்சக்கரப் பெட்டி. இன்றைக்கு அதன் படைப்பிரிவு கோயம்புத்தூர்ப் பக்கம் சூலூரில் நிற்கிறது. முன்மாதிரிகளின் இத்தனை வருஷச் சோதனைப் பறப்பில் ஒன்றுகூட விழவில்லை. படையில் சேர்ந்த பிறகு முதலாவது 2024 மார்ச்சில் ஜெய்சல்மேர் அருகே விழுந்தது, விமானி தப்பினார். 2025 நவம்பரில் துபாய்க் கண்காட்சியில் இன்னொன்று விழுந்து விமானி உயிரிழந்தார். இந்தத் தொழிலில் கணக்கு எப்போதும் திறந்தேதான் இருக்கும்.

எஞ்சின்? அது மட்டும் மறுபடி அதே கதை. நாமே செய்த காவேரியை 2008-ல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். ஓடுவது அமெரிக்க எஞ்சின். அது கப்பலேறி வருவதற்காக இங்கே விமான உடல்கள் காத்துக் கிடந்த காலமும் உண்டு. மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "எங்க காலத்துலயும் அப்படித்தான், உடம்பு ரெடி, உசுரு வரல" என்றார்.

அவர் போன வருஷம் வேலையை விட்டு நின்றுவிட்டார். முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போவேன். எந்த ரிவெட்டை எந்த வரிசையில் அடித்தார்கள், இரண்டு தகடும் ஒட்டி உட்கார்ந்ததைச் சுத்தியல் சத்தத்தில் எப்படித் தெரிந்துகொண்டார்கள், மாருத்தின் இடுப்புத் தகட்டை வளைக்கும்போது எங்கே விரிசல் விடும், எல்லாம் எழுதுகிறேன். மூன்று நோட்டு ஆகிவிட்டது. எழுதி வைப்பதில் எவ்வளவு பிழைக்கும் என்று தெரியவில்லை. சத்தத்தை நோட்டில் எழுத வரவில்லை.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு. ஒரு தறி மட்டும் ஓடுகிறது. கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார ஆள் கிடைப்பதில்லை என்று ஒரே நாடாவில் ஓடுகிற சேலைக்கு மாறிவிட்டார். போன பொங்கலுக்கு வந்தபோது, "ஒரு கோர்வ போடுப்பா, நான் உக்கார்றேன்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பாவைச் சரிசெய்து ஏற்றவே இரண்டு நாள் ஆக்கினார். நான் நாடா தள்ளினேன். ஒரு சாண் நெய்வதற்குள் ஏழு தடவை நிறுத்தினார். ஏழாவது தடவை அவர் நிறுத்துவதற்கு முன்னாலேயே, ஏதோ சரியில்லை என்று எனக்கும் காதில் பட்டது. என்ன என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவர்தான் காட்டினார்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. செயலாளர் அண்ணனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெங்களூரில் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் ஒரு மாருத் நிற்கிறது. அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மூன்றாம் ஆண்டு மாணவர்களை அழைத்துப் போகலாம் என்று இருக்கிறோம். மேஸ்திரி வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆட்டோவில் கூட்டி வந்து நாற்காலி போட்டு உட்காரவைப்பது என் பொறுப்பு. பஸ்ஸில் நாற்பது இடம். கடைசி வரிசைக்காரர்களுக்குப் பத்து இடம் ஒதுக்கியிருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்; சாப்பாட்டுக்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியாது.